ரெண்டாவது, அஞ்சாவது படிக்கிற பிள்ளைகள் சேர்ந்து செய்ய: கோலம், படி உழக்கு, ஆத்தங்குடிக் கல்லை வைத்து என்ன பயிற்சி கொடுக்கலாம்?

புதுவயல் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். பெரியவன் அஞ்சாம் வகுப்பு, சின்னவள் ரெண்டாம் வகுப்பு. கோடை லீவில் தினம் காலையில் ஒரு மணி நேரம், வெயில் ஏறும் முன்னால் வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) ரெண்டு பேரையும் சேர்த்து உட்கார வைக்கலாம் என்று இருக்கேன். கடையில் விற்கிற கிட் வேண்டாம். எல்லாம் வெட்டி, ஒட்டத் தயாராகவே வருது. பிள்ளை யோசிக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. வீட்டில் இருப்பவை: பல்லாங்குழிப் பலகை, பழைய படி, உழக்கு, ஆழாக்கு, கோலமாவு, கவுனி அரிசி, நிறைய அட்டைப்பெட்டி. தரை முழுக்க ஆத்தங்குடிக் கல் (பூ வடிவம் உள்ள சிமெண்ட் தரைக்கல்).

ஒரே வேலையை ரெண்டு வயசுக்கும் எப்படிப் பிரிக்கிறது? அளவு, நேரம் எல்லாம் சரியாகச் சொல்ல முடியுமா? எந்த இடத்தில் சொதப்பும் என்றும் சொல்லுங்க. தமிழ் எழுதுகிற பழக்கமும் இதுக்குள்ளேயே வந்துவிட்டால் ரொம்ப நல்லது. தனியாக நோட்டு கொடுத்தால் ரெண்டும் எழுந்து ஓடிரும்.

தேவகோட்டை டீச்சர்:

கோலத்தில் தொடங்குங்க தங்கச்சி. ஆனால் முதல் நாளே மாவைக் கையில் கொடுக்காதீங்க. மாவு இழுக்கிற விரல் பழக்கம் வேறு, புள்ளிக் கணக்கு வேறு. ரெண்டையும் ஒன்றாக வைத்தால், கோடு கோணலாகிவிட்டது என்ற வருத்தத்திலேயே சின்னவளுக்குக் கணக்கு காணாமல் போகும். முதல் சில நாள் சிலேட்டும் சாக்பீஸும் போதும். புள்ளிக்குப் புள்ளி இடைவெளி சின்னவளுக்கு 3 செ.மீ, பெரியவனுக்கு 2 செ.மீ.

சின்னவளுக்கு நேர்புள்ளி 5 முதல் 1. அதாவது வரிசைக்கு 1, 3, 5, 3, 1. வைக்கும் முன்னால் மொத்தம் எத்தனை வரும் என்று ஊகித்து ஒரு மூலையில் எழுதச் சொல்லுங்க. வைத்து எண்ணினால் 13. அடுத்து ஊடுபுள்ளி 5 முதல் 3, அதாவது 3, 4, 5, 4, 3. மொத்தம் 19. ஊடுபுள்ளியில்தான் தடுமாறுவாள், ஒரு வரிசைப் புள்ளிக்கு நேர் மேலேயே அடுத்ததையும் வைத்துவிடுவாள். அதனால் நடுவரிசை 5-ஐ முதலில் வைக்கச் சொல்லி, ரெண்டு புள்ளிக்கு நடுவில் விரலை வைத்து, அங்கிருந்து மேலே ஏறி வைக்கப் பழக்குங்க. மேலிருந்து கீழே வரக்கூடாது.

பெரியவனுக்கு நேர்புள்ளி 7 முதல் 1. மேலிருந்து நடுவரிசை வரை 1+3+5+7 = 16, அது 4×4. கீழே மிச்சம் 5+3+1 = 9, அது 3×3. ஆக 25. இதைப் பார்த்துவிட்டு, 9 முதல் 1 வரை வைத்தால் எத்தனை என்று எண்ணாமல் சொல்ல முடிகிறதா பாருங்க. 25+16 = 41. பிறகு வைத்துச் சரிபார்க்கட்டும். ஒற்றை எண்களை 1-லிருந்து வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண் வரும் என்று நீங்களாகச் சொல்லிவிடாதீங்க. புள்ளியைச் சாய்வாகப் பார்த்தால் 4×4 சதுரமும் அதுக்குள் புதைந்த 3×3 சதுரமும் கண்ணுக்கே தெரியும். அவனே ரெண்டு நிற சாக்பீஸால் பிரித்துக் காட்டட்டும்.

உண்மையான விருந்து சிக்குக் கோலம். செவ்வகமாக நேர்புள்ளி வைத்துக்கொள்ளுங்க. ரெண்டு வரிசை, வரிசைக்கு மூணு புள்ளி. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில், குறுக்கிலும் நெடுக்கிலும், ஒரு சின்னப் பெருக்கல் குறி போடணும். 2×3-க்கு 7 குறி வரும். இப்போது ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி, பக்கத்துக் குறிகளின் கைகளை வளைத்து இணைக்கணும். ஓரப் புள்ளியில் வெளிப்பக்கமாக வளைத்துத் திரும்பணும், மூலைப் புள்ளியில் முக்கால் வட்டம் சுற்றி வரணும். இணைத்து முடித்ததும் ஏதாவது ஓரிடத்தில் விரலை வைத்து, குறி வரும்போதெல்லாம் திரும்பாமல் நேராகக் கடந்து, கோட்டோடு போகச் சொல்லுங்க. 2×3-இல் ஒரே கோடாக முழுக்கோலத்தையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். 7 குறியையும் ரெண்டு ரெண்டு தடவை கடந்திருக்கும்.

இப்போது 2×2 போட்டால் ரெண்டு தனிக் கோடு. 3×3 போட்டால் மூணு. 3×4 போட்டால் மறுபடி ஒன்று. 2×4 ரெண்டு, 3×5 ஒன்று, 3×6 மூணு, 4×6 ரெண்டு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிறம் கொடுத்து, வரிசை, புள்ளி, எத்தனை கோடு என்று மூணு பத்தியாக அட்டவணை போடட்டும். ஏழெட்டு சேர்ந்ததும் 4×8 எத்தனை, 5×7 எத்தனை என்று கேளுங்க. வரிசை எண்ணுக்கும் புள்ளி எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணிதான் கோடுகளின் எண்ணிக்கை. அந்தப் பெயரைப் புத்தகத்தில் படிக்கும் முன்னால் அந்த விஷயத்தை அவன் கையால் கண்டுவிட்டிருப்பான். சின்னவளுக்கு விரலால் கோட்டைப் பின்தொடர்வதே வேலை; எழுதும் கைக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

தப்பு வரும் இடம் ரெண்டு. ஓரத்தில் வளைத்துத் திரும்பாமல் கோட்டை வெளியே விட்டுவிடுவது ஒன்று. குறியில் நேராகக் கடக்காமல் பக்கத்துக் கைக்குத் திரும்பிவிடுவது இன்னொன்று. எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்றால் 99 சதவீதம் ரெண்டாவதுதான் காரணம். அப்புறம், இந்தக் கணக்கு செவ்வக நேர்புள்ளிக்கு மட்டும். ஊடுபுள்ளிக்கோ, நடுவில் கோட்டை அடைத்துத் திருப்பிவிடும் கோலத்துக்கோ பொருந்தாது. அதைச் சொல்லிவிடுங்க, இல்லாவிட்டால் வாசலில் உள்ள கோலத்தை எல்லாம் வைத்துப் பார்த்துக் குழம்புவான்.

கடைசியாக, ஈரமாவில் போடும் நடுவீட்டுக் கோலத்துக்கு வாங்க. அரை ஆழாக்கு பச்சரிசி, ரெண்டு மணி நேரம் ஊறவைத்து மைய அரைத்து, கரண்டியில் எடுத்தால் தண்ணீராக ஓடும் அளவுக்குக் கரைக்கணும். சின்னத் துணியை அதில் தோய்த்து மூணு விரலில் பிடித்துக்கொண்டு, லேசாக அழுத்தினால் மோதிரவிரல் வழியாக மாவு இறங்கும். போட்டவுடன் கோடு தெரியாது. காய்ந்த பிறகுதான் வெளுக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளை அதே கோட்டின் மேல் மறுபடி மறுபடி இழுத்து, காய்ந்ததும் தடித்துப் பொரிந்து உதிரும்.

கண்டனூர் ஆச்சி:

படியும் உழக்கும் வைத்திருக்கிற வீட்டில் பின்னம் சொல்லிக்கொடுக்கத் தாளில் பீட்சா படம் எதுக்கு வரையணும்? ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி. ஆழாக்கு என்பது அரைக்கால் படி, உழக்கு கால் படி, உரி அரைப் படி. பாத்திரத்தைக் கையில் பிடித்திருக்கிற பிள்ளைக்கு 1/8 + 1/8 = 1/4 என்று தனியாக விளக்கவே வேண்டாம்.

செய்முறை இது. அரிசியில் செய்யாதீங்க, தண்ணீரில் செய்யுங்க. அரிசி குலுக்கினால் இறங்கும், அமுக்கினால் இறங்கும், தலைதட்டி அளந்தால் ஒரு அளவு, கோபுரமாக அளந்தால் வேறு அளவு. நாலு உழக்கு போட்டும் படி நிறையவில்லை என்று பிள்ளை சொன்னால் அது அவன் குற்றம் இல்லை. ஒரு பெரிய தாம்பாளத்துக்குள் படியை வைத்து ஊற்றச் சொல்லுங்க, சிந்தினது அதிலேயே நிற்கும், அதையும் அளக்கலாம்.

சின்னவளுக்கு: எத்தனை ஆழாக்கு ஊற்றினால் உழக்கு நிறையும், எத்தனை ஊற்றினால் படி நிறையும் என்று ஊகம் ஒரு பக்கம், விடை ஒரு பக்கம். எட்டு வரைக்கும் கோடு கிழித்து எண்ணினால் போதும்.

பெரியவனுக்குச் சீட்டு எழுதிப்போடுங்க. காலே அரைக்கால், அரையே அரைக்கால், முக்கால், முக்காலே அரைக்கால். ஒரு சீட்டை எடுத்து வாய்விட்டு வாசித்து, ஆழாக்கால் அளந்து ஊற்றி, 3/8, 5/8, 6/8, 7/8 என்று எழுதணும். பிறகு உழக்கை மட்டும் வைத்துக்கொண்டு இதில் எதை அளக்கலாம், எதை முடியாது என்று கேளுங்க. முக்கால் மட்டும்தான் முடியும். ஏன் என்று அவனே சொல்லட்டும். நல்லா வந்துவிட்டால் ‘முக்காலே மூணு வீசம்’ என்று நாம் பேச்சில் சொல்வதைக் கணக்காகக் கொடுங்க. வீசம் 1/16. முக்கால் என்பது 12/16, மூணு வீசம் 3/16, சேர்த்து 15/16. ஒண்ணுக்கு ஒரு வீசம்தான் குறைச்சல். ‘அனேகமா எல்லாம்’ என்ற அர்த்தம் எங்கிருந்து வந்தது என்று அப்போது புரியும்.

ஒரு எச்சரிக்கை: படியின் அளவு ஊருக்கு ஊர் வேறு. உங்கள் உழக்கும் உங்கள் படியும் ஒரே செட்டாக இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும். முதல் நாள் நீங்களே தண்ணீர் ஊற்றிச் சரிபார்த்துவிடுங்க. ஒத்துவராவிட்டால் அதையும் பாடமாக்கலாம்: லிட்டர் குவளையால் ரெண்டையும் அளந்து, எத்தனை மில்லி வித்தியாசம் என்று கண்டுபிடிக்கட்டும். மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-ல் ஏன் தேவைப்பட்டது என்பதுக்கு அதைவிட நல்ல விளக்கம் இல்லை.

அதோடு சேர்ந்த சமையல் வேலை வெள்ளைப் பணியாரம். ஒரு உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அந்த உழக்கின் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்கணும். அந்தக் கோபுரம்தான் உளுந்தின் அளவு. அது எவ்வளவு என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கணும்: உளுந்தை மட்டும் வழித்து எடுத்து ஒரு சின்னக் கரண்டியால் எண்ணி, அதே கரண்டியால் ஒரு உழக்கையும் எண்ணி, ரெண்டையும் ஒப்பிடட்டும். எண்ணெய்ச் சட்டி உங்கள் வேலை, அதில் பங்கு கொடுக்காதீங்க.

பல்லாங்குழிக்கு வருவோம். 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, மொத்தம் 70. சின்னவள் அடுக்கும்போதே 5, 10, 15 என்று சொல்லிக்கொண்டு அடுக்கட்டும். பெரியவனுக்கு ஒரு புதிர்: குழிகளுக்கு 1 முதல் 14 வரை சாக்பீஸால் எண் போட்டு, 1-இல் எடுத்து ஆடச் சொல்லுங்க. கை காலியானதும் அடுத்த குழியை அள்ளி ஆடுவது, அடுத்தது வெறுங்குழியாக இருந்தால் அதைத் தாண்டி இருப்பதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை விடுவது, இதுதானே முறை. 1, 7, 13, 5, 12 என்று அஞ்சு பிடி அள்ளி, 13-இலிருந்து சுற்றி 4-இல் கடைசிக் கொட்டை விழும். 5 வெறுங்குழி. 6-இல் இருக்கும் 7 கொட்டை கைக்கு வரும். எந்தக் குழியில் தொடங்கினாலும் முதல் ஆட்டத்தில் 7-தான், ஏன்? எல்லாக் குழியும் சமமாக இருப்பதால் தொடங்கும் இடம் மாறினாலும் பயணம் மாறாது. இப்போது குழிக்கு 6 வைத்துப் பார்க்கட்டும். ரெண்டே பிடியில் முடியும், கிடைப்பதோ மறுபடி 7. இதை ஆடாமல் தாளில் அம்புக்குறி போட்டு முன்கூட்டியே சொல்ல முடிந்தால் அவனுக்குப் பெரிய சந்தோஷம்.

நாலு சேர்ந்தால் பசு என்று எடுக்கும் விதியை முதலில் விட்டுவிடுங்க. சின்னவள் பசுவைத் தேடிக்கொண்டே எண்ணிக்கையை விட்டுவிடுவாள். ஆட்டம் பழகின பிறகு சேர்க்கலாம்.

கோட்டையூர் கைவேலை:

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றிக் கேட்டிருந்தீங்க. வேலை நடக்கும் முறையைப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லுங்க, இல்லை ஆத்தங்குடிக்கே கூட்டிப்போய்க் காட்டுங்க, பக்கம்தானே. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதுக்குள் பூ வடிவ அச்சு. ஒவ்வொரு அறையிலும் நிறம் கலந்த சிமெண்ட் கரைசலை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்ட்-மணல் கலவையைத் தூவி, அதுக்கும் மேல் ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டி, பிறகு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். சூளை கிடையாது. கண்ணாடியில் ஒட்டியிருந்த முகம்தான் பளபளப்பு. ஆக, நாம் மேலே பார்க்கும் பூ, செய்யும்போது கீழே கவிழ்ந்து கிடக்கிறது. பாடமே இதில்தான் இருக்கு: வலது இடதாகும், முதலில் ஊற்றினது கடைசியில் மேலே தெரியும்.

வீட்டில் செய்ய பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) எடுத்துக்கோங்க. 10 செ.மீ × 10 செ.மீ கல் ஒன்றுக்கு 200 மில்லி தூள், 100 மில்லி தண்ணீர். கண்ணாடி வேண்டாம், கீறல் இல்லாத கெட்டி பிளாஸ்டிக் ஷீட்டோ பழைய சிடி டப்பாவின் மூடியோ போதும். தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் துணியால் துடைத்தெடுங்க. எண்ணெய் தேங்கி நின்றால் அந்த இடம் குழியாகும். 2 செ.மீ உயர அட்டைப் பட்டையைச் சதுரமாக ஒட்டினால் சட்டம், அடியில் சுற்றிலும் டேப். நிறம் பிரிக்கும் அச்சுக்குத் தண்ணீர் பாட்டிலை 1 செ.மீ பட்டையாக வெட்டி வளைத்து வைக்கலாம்.

நிறச் சாந்தைத் தனித்தனிக் கப்பில் கலக்குங்க: மூணு மேசைக்கரண்டி தூள், ஒன்றரை மேசைக்கரண்டி தண்ணீர், அரைத் தேக்கரண்டி செங்காவியோ மஞ்சள் காவியோ. நிறம் அதுக்கு மேல் போட்டால் சாந்து பலமிழந்து பொடியும். தண்ணீரில்தான் தூளைத் தூவணும். தூளில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். ஒவ்வொரு அறையிலும் 3 மி.மீ கனத்துக்கு ஊற்றி, விரலால் ஷீட்டின் அடியைத் தட்டினால் காற்றுக் குமிழி மேலே வந்துவிடும். தோசைமாவு பதத்திலிருந்து தயிர்ப் பதத்துக்கு இறுகினதும், சுமார் நாலஞ்சு நிமிஷத்தில், பட்டைகளை நேர் மேலாக உருவி, உடனே வெள்ளைச் சாந்தை மேலே 1 செ.மீ ஊற்றி மட்டம் பண்ணுங்க.

நிறம் ஒன்றோடொன்று ஓடினால் பட்டையைச் சீக்கிரம் உருவிவிட்டீங்க. நிறமும் வெள்ளையும் தனித்தனி அடுக்காகப் பிரிந்து வந்தால் ரொம்ப நேரம் காத்திருந்துவிட்டீங்க. முகத்தில் ஊசித்துளை இருந்தால் தட்டவில்லை. ஓரம் பொடிந்தால் தண்ணீர் அதிகம். அரை மணி நேரத்தில் கெட்டியாகும், ஆனால் ஒரு மணி நேரம் விட்டுத் திருப்புங்க. இறுகும்போது சூடாகும், அது சாந்து தண்ணீரோடு சேரும்போது வரும் சூடு. வெளிப்பக்கம் தொட்டுப் பார்க்கலாம், ஆனால் கையை உள்ளே அமுக்கி அச்செடுப்பது கூடவே கூடாது, புண்ணாகிவிடும். தூளைக் கொட்டிக் கலக்கும் வரை நீங்க செய்யுங்க, மூக்கில் துணி கட்டிக்கோங்க. மிச்சச் சாந்தைச் சாக்கடையில் ஊற்றாதீங்க, குழாய்க்குள் கல்லாகிவிடும். கப்பிலேயே இறுகவிட்டுக் குப்பையில் போடுங்க.

புதுவயல் அம்மா:

ரொம்ப நன்றி. அண்ணே, ஒரு சந்தேகம்: நிஜச் சிமெண்டிலேயே சின்னதாகச் செய்தால் என்ன? பெரியவன் அதைத்தான் கேட்பான். சின்னவளுக்குச் சாந்து வேலை கொஞ்சம் பெரிசு என்று தோணுது, அந்த நேரம் அவளுக்கு என்ன கொடுக்கலாம்?

கோட்டையூர் கைவேலை:

சிமெண்ட் வேண்டாம் தங்கச்சி. ஈரச் சிமெண்ட் கடுமையான காரம். தோலில் பட்டவுடன் எரியாது, அதுதான் ஆபத்து. பல மணி நேரம் கழித்துத்தான் சிவந்து புண்ணாவது தெரியும். கண்ணில் தெறித்தால் இன்னும் மோசம். போதாததுக்கு, முழு பலம் வர நாள்கணக்கில் ஊறணும். பிள்ளையின் பொறுமை அதுக்குள் தீர்ந்துவிடும்.

சின்னவளுக்குக் காகிதக் கல். 5 செ.மீ சதுரமாக 16 துண்டு. ஒவ்வொன்றிலும் மூலைக்கு மூலை கோடு போட்டு ஒரு பாதிக்கு மட்டும் நிறம். இந்த 16-ஐயும் 4×4 ஆக அடுக்கி, ஒன்றைத் திருப்பினால் வடிவம் எப்படி மாறுது என்று பார்க்கட்டும். நிறப் பாதிகள் நடுவில் சேர்ந்தால் சாய்சதுரம், ஒரே திசையில் வைத்தால் படிக்கட்டு மாதிரி ஓட்டம். பிடித்ததை நோட்டில் வரைந்து பெயர் வைக்கச் சொல்லுங்க. இதில் பெரியவனுக்கும் கேள்வி இருக்கு: ஒரு கல்லை நாலு விதமாக வைக்கலாம் என்றால் ரெண்டு கல்லை எத்தனை விதமாக? 16. நாலு கல்லை? 4×4×4×4, 256. சதுரம் துல்லியமாக இல்லாவிட்டால் மூலைகள் சேராது, அதனால் வெட்டும் வேலை பெரியவனுடையது, ஸ்கேலும் மூலைமட்டமும் வைத்து.

உங்கள் தரையையும் விடாதீங்க. 10 அடிக்கு 12 அடி அறை என்றால் 8 அங்குலக் கல் நீளத்துக்கு 18, அகலத்துக்கு 15, மொத்தம் 270. 12 அங்குலக் கல் என்றால் 120. உங்கள் வீட்டுக் கல் எந்த அளவு என்று ஸ்கேலால் அளந்துவிட்டு, ஒரு வரிசையையும் ஒரு பத்தியையும் மட்டும் எண்ணி முழு அறைக்கும் சொல்லணும். ஓரத்து பார்டர் கல் வேறு அளவாக இருக்கும், அதைத் தனியாக எண்ணணும். பெரும்பாலும் அங்கேதான் விடை பிசகும்.

பள்ளத்தூர் அறிவியல்:

கவுனி அரிசி இருக்கு என்றீங்களே. ஒரு ஆழாக்கு கவுனியை ஒரு தடவை அலசிவிட்டு, ரெண்டு ஆழாக்குத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைங்க. ஊதா நிறத் தண்ணீரை வடித்து அஞ்சு கண்ணாடி டம்ளரில் பிரிங்க. ஒன்று அப்படியே இருக்கட்டும், ஒப்பிட. ஒன்றில் அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு: சிவப்பு கலந்த இளஞ்சிவப்பாகும். ஒன்றில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா: நீலமும் பச்சையுமாக மங்கும். மிச்ச ரெண்டில் மோர்த் தெளிவும் சோப்புத் தண்ணீரும். ஊற்றும் முன்னால் ஒவ்வொன்றும் எந்த நிறமாகும் என்று ரெண்டு பேரும் எழுதிவைக்கணும். புளித்தண்ணீர் வேண்டாம், அதன் பழுப்பு நிறமே மறைத்துவிடும். போர்த் தண்ணீரில் ஊறவைத்தால் எதுவும் சேர்க்காமலே நீலம் தட்டலாம். உப்புத் தண்ணீரின் காரம் அது. வடிகட்டிய குடிநீர் எடுங்க. அரிசி வீணாகாது, அப்படியே மேலும் ஊறவைத்துக் கவுனி அரிசி இனிப்புக்கு வேகவைக்கலாம்.

மஞ்சள் தாளும் இதோடு சேரும். ரெண்டு தேக்கரண்டி மஞ்சள் தூளை நீர்க்கக் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவைத்து, துணி சோப்புக் கரைசலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு எழுதினால் எழுத்து செக்கச்செவேல் என்று வரும். ஆப்பசோடாவில் மங்கலாகத்தான் வரும். எலுமிச்சை தடவினால் மறுபடி மஞ்சள். சின்னவள் தினம் ஒரு வரி இப்படி எழுதித் தரச் சொல்லுங்க, தமிழ் எழுத்துப் பயிற்சிக்கு ஆச்சு. கை கழுவிவிடணும்.

பெரியவனுக்கு எலுமிச்சை மின்கலம். 1953 முதல் சிக்ரி என்ற மத்திய அரசு நிறுவனம் மின்வேதியியல் ஆராய்ச்சி நடத்தும் காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைக்கு இது தெரிஞ்சிருக்கணும். நாலு எலுமிச்சை, நாலு துத்தநாகம் பூசின ஆணி, இன்சுலேஷன் சீவின செம்புக் கம்பித் துண்டு நாலு, ஒரு சிவப்பு எல்இடி. பழத்தைத் தரையில் உருட்டி உள்ளே சாறு உடையச் செய்து, ஆணியும் செம்பும் 2 செ.மீ இடைவெளியில், உள்ளே ஒன்றையொன்று தொடாமல் குத்தணும். ஒரு பழத்தின் செம்பு அடுத்ததன் ஆணிக்கு என்று தொடராக இணைத்தால், பழத்துக்குச் சுமார் 0.9 வோல்ட். சிவப்பு எல்இடிக்குச் சுமார் 1.8 வேண்டும். கணக்குப்படி ரெண்டு பழம் போதுமே என்பான். விளக்கு மின்னோட்டம் எடுக்கத் தொடங்கியதும் வோல்ட் இறங்கிவிடும், அதனால்தான் நாலு. எல்இடியின் நீளக்கால் செம்புப் பக்கம். எரியவில்லை என்றால் முதலில் காலை மாற்றுங்க, அடுத்து ஆணி துருப்பிடித்த சாதா இரும்பா என்று பாருங்க. எரிந்தாலும் மங்கலாகத்தான் எரியும், இருட்டறையில் பார்க்கணும். அந்தப் பழங்களில் துத்தநாகம் கரைந்திருக்கும். ஜூஸ் போடக்கூடாது, தூக்கிப்போடுங்க.

தேவகோட்டை டீச்சர்:

தமிழ் எழுதுவது பற்றி. எந்த வேலை செய்தாலும் அதன் செய்முறையை ஒரு தாள் புத்தகமாக்குங்க. ஏ4 தாளை நீளவாக்கில் ஒரு மடிப்பு, பிரித்துவிட்டுக் குறுக்கே நாலாக மடித்தால் எட்டுக் கட்டம். தாளைக் குறுக்கே பாதியாக மடித்துப் பிடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்ட நீளத்துக்கு மட்டும் வெட்டணும். பிரித்தால் நடுவில் ரெண்டு கட்ட நீளத்துக்குப் பிளவு இருக்கும். நீளவாக்கில் மடித்து ரெண்டு ஓரத்தையும் உள்ளே தள்ளினால் எட்டுப் பக்கப் புத்தகம். ஓரப் பக்கத்திலிருந்து வெட்டினால் பிளவு நடுவில் வராமல் ரெண்டு ஓரத்திலும் வந்து வேலை கெடும். புத்தகமாக மடித்த பிறகுதான் எழுதணும். முன்னாலேயே எழுதினால் பாதிப் பக்கம் தலைகீழாக வரும்.

அட்டை போக ஆறு பக்கம் செய்முறை, கடைசிப் பக்கம் ‘என்ன தப்பாச்சு, ஏன்’. சின்னவளுக்குப் பக்கத்துக்கு ஒரு படமும் மூணு நாலு சொல் உள்ள ஒரு வரியும். பெரியவனுக்கு அளவோடு முழு வாக்கியம்: ‘200 மில்லி தூளை 100 மில்லி தண்ணீரில் தூவ வேண்டும்.’ எழுதினதைத் தங்கை வாசித்து, அதன்படி மட்டும் செய்யணும். புரியாமல் நின்றால் அந்த வரியை அவன் மாற்றி எழுதணும். நீங்க சிவப்பு மையால் திருத்துவதைவிட இது ஆழமாகப் போகும்.

எழுத்துப்பிழையை எல்லாம் ஒரே நாளில் சுட்டாதீங்க. இந்த வாரம் ர, ற மட்டும். அடுத்த வாரம் ல, ள, ழ. சின்னவள் எண்ணும் எழுத்தும் வகுப்பில் எந்தக் கற்றல் நிலை, அரும்பா, மொட்டா, மலரா என்று பள்ளியில் கேட்டுக்கோங்க. அரும்பு (தொடக்க நிலை) என்றால் அவள் சொல்லச்சொல்ல நீங்க எழுதி, அதைப் பார்த்து அவள் படத்துக்குப் பெயர் மட்டும் எழுதினால் போதும். உழக்கு, ஆழாக்கு, தாம்பாளம், வளவு, ஓலை, கோலம் என்று கையில் தொட்ட பொருளின் பெயர் முதலில் வரட்டும். ழ, ள ரெண்டும் அதுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

புதுவயல் அம்மா:

எல்லாத்தையும் எழுதிவைத்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: பக்கத்தில் பனை ஓலை கிடைக்குது. கொட்டான் (ஓலைக் கூடை) முடையச் சொல்லலாமா, இந்த வயசுக்கு வருமா?

கண்டனூர் ஆச்சி:

நேரே ஓலையில் வேண்டாம்மா. ஓலை ஓரம் விரலைக் கீறும், காய்ந்தது மடித்தால் ஒடியும். முதலில் கெட்டிக் காகிதப் பட்டை, 1.5 செ.மீ அகலம், 30 செ.மீ நீளம், ரெண்டு நிறத்தில் ஆறு ஆறு. ஆறை நெடுக்காக அடுக்கி ஒரு ஓரத்தை டேப்பால் தரையில் ஒட்டிவிட்டு, மற்ற ஆறை ஒன்று மேலே ஒன்று கீழே என்று ஊடே விடணும். அடுத்த வரிசை தலைமாற்றித் தொடங்கணும், அதை மறந்தால் ரெண்டு வரிசையும் ஒன்றாக நழுவி வரும். ஒவ்வொரு வரிசைக்கும் விரலால் நெருக்கித் தள்ளணும். நடுவில் 9 செ.மீ சதுர அடித்தளம் நின்றதும் நாலு மூலையிலும் துணிக்கிளிப் போட்டுவிட்டுப் பக்கங்களை மேலே மடிக்கலாம். சின்னவள் அடித்தளம் வரைக்கும், பெரியவன் மூலை திருப்பும் வரைக்கும். பெரியவனுக்கு மூலை படிந்துவிட்டது என்றால், ஈர்க்கை நீங்க கத்தியால் எடுத்துவிட்டு, வெயிலில் காய்ந்த குருத்தோலையை ஒரே அகலமாகக் கிழித்து, முடையும் முன்னால் ஈரத்துணியில் அரை மணி நேரம் சுற்றிவைத்துக் கொடுங்க. ஈரம் ஏறின ஓலை ஒடியாமல் மடியும். ரொம்ப ஊறினால் காயும்போது சுருங்கி முடைசல் தளரும், அதனால் தண்ணீரில் போட்டு வைக்காதீங்க.